செல்போன் கதிர்வீச்சு: எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

புது போன் வாங்கப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ரேடியேஷன் கம்மியா இருக்கிற மாடல் எது?" எதிர்வீட்டு மாடியில் டவர் முளைத்தவர்கள் கேட்பது வேறு: "சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, வீட்டைக் காலி பண்ணிடலாமா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுமே கொஞ்சம் தள்ளிப்போய் விழுகின்றன. உங்கள் உடம்பில் படும் ரேடியோ அலையில் பெரும்பங்கு கையில் இருக்கும் போனிலிருந்து வருகிறது, தூரத்து டவரிலிருந்து அல்ல. அதன் அளவைத் தீர்மானிப்பதும் மாடல் அல்ல. போன் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, சிக்னல் எப்படி இருக்கிறது என்பவைதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் செய்ய வேண்டியது மிகச் சொற்பம். அறிவியல் பாடம் தெரியாதவர்களும் செய்து பார்க்கும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இது எந்த வகைக் கதிர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கதிர்வீச்சு என்றதும் நமக்கு எக்ஸ்ரே அறையும் கல்பாக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. எக்ஸ்ரே, காமா கதிர் போன்றவற்றுக்கு ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு உண்டு. மரபணுவைச் சிதைப்பது அந்த வலுதான். அதற்குக் குறைந்தது 10 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவுக்கு ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே ஒரு ஒளித்துகளுக்கு 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செல்போன் அலையிலோ சுமார் 0.000004 எலக்ட்ரான் வோல்ட். எத்தனை கோடித் துகள்கள் வந்தாலும் அவை ஒன்றுசேர்ந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிவிடாது.

அப்படியானால் உடம்பில் என்னதான் செய்யும்? சூடாக்கும். திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை அசைக்கும், அந்த அசைவு வெப்பமாக மாறும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இப்படித்தான். அது மூடிய இரும்புப் பெட்டிக்குள் பல நூறு வாட்டைக் கொட்டுகிறது. 4ஜி போன் உச்சமாக வெளியிடுவது கால் வாட்டுக்கும் கீழே. மற்றபடி, நீண்ட நேரம் பேசும்போது காது சூடாவதற்குப் பெரும்பாலும் பேட்டரியும் பிராசஸரும், காற்றோட்டமில்லாமல் காதை மூடிக்கொண்டிருப்பதுமே காரணம். அந்தச் சூட்டை வைத்துக் கதிர்வீச்சை எடைபோட வேண்டாம்.

படி 2: வரம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் ஆற்றலை உள்வாங்குகிறது என்பதைத்தான் எஸ்.ஏ.ஆர். என்கிறார்கள். உலகமெங்கும் உள்ள வரம்புகளுக்கு அடிப்படை, விலங்குகளை வைத்துச் செய்த பழைய சோதனைகள். உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் என்ற அளவை எட்டும்போது உடல் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்ந்தது, விலங்குகளின் நடவடிக்கையும் மாறியது. அந்த 4-ஐப் பத்தால் வகுத்து, இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு 0.4 என்றார்கள். குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் எல்லோரும் அடங்கிய பொதுமக்களுக்கு ஐம்பதால் வகுத்து 0.08 என்றார்கள். இது முழு உடலின் சராசரிக்கு.

போன் அப்படி உடம்பு முழுக்கப் படுவதில்லை, ஒரு ஓரத்தில்தான் படுகிறது. அதனால் தலைக்கும் உடலின் நடுப்பகுதிக்கும் தனி வரம்பு உண்டு. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேச அமைப்பு இதை 10 கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 2 வாட் என்று வைத்தது. ஐரோப்பா இதைத்தான் பின்பற்றுகிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996-இல் 1 கிராம் திசுவின் சராசரியாக 1.6 வாட் என்று வகுத்தது. 2-க்கும் 1.6-க்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். உண்மையில் எந்த அளவு திசுவில் சராசரி எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. 10 கிராமில் பரப்பிப் பார்த்தால் ஒரு சிறு புள்ளியில் குவியும் ஆற்றல் கரைந்துவிடும். 1 கிராமில் பார்த்தால் அது அகப்பட்டுக்கொள்ளும். ஆக, இரண்டாவதுதான் கண்டிப்பான வரம்பு.

இந்தியா 2010-இல் பல அமைச்சகங்களைச் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 2012 செப்டம்பர் 1 முதல் அந்தக் கண்டிப்பான 1.6 இங்கே நடைமுறைக்கு வந்தது. பழைய வடிவமைப்பு போன்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்தார்கள். இப்போது கடையில் முறையாக விற்கும் எந்த போனும் இந்த வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

படி 3: உங்கள் போனின் எண்ணைப் பாருங்கள்

கால் செய்யும் திரையில் *#07# என்று தட்டுங்கள். கால் பட்டனை அழுத்தாமலேயே பல போன்களில் எஸ்.ஏ.ஆர். அளவு வந்துவிடும். வராவிட்டால் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில், சட்ட விவரங்களுக்குக் கீழே தேடுங்கள். பெட்டியில் வரும் சிறு கையேட்டிலும் இருக்கும். *#06# என்று தட்டினால் வருவது ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் அடையாள எண், அது வேறு.

பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தலைக்கு, இன்னொன்று உடலுக்கு. இரண்டும் 1.6-க்குக் கீழே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சரி, அந்த வேலை முடிந்தது.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். 0.7 உள்ள போன், 1.2 உள்ள போனைவிட ஏறக்குறைய பாதி ஆபத்து என்று நினைத்து, நல்ல மாடலை விட்டுவிட்டு எண்ணைத் துரத்துகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் ஏன் துரத்தக் கூடாது என்பது தெரியும்.

ஆய்வகத்தில் மனிதத் தலை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். அமெரிக்க ராணுவத்தில் அளந்த ஆண்களின் தலை அளவுகளிலிருந்து எடுத்த வடிவம் அது. அதற்குள் மூளைத் திசுவைப் போலவே அலையை உள்வாங்கும் திரவத்தை ஊற்றுவார்கள். போனைக் கன்னத்தோடு ஒட்டி வைத்து, அதன் உச்சபட்ச சக்தியில் ஓடவிட்டு, திரவத்துக்குள் ஒரு ரோபோ கை உணரியை நகர்த்தி நகர்த்தி அளக்கும். ஒவ்வொரு அலைவரிசையிலும், ஒவ்வொரு நிலையிலும் அளந்து, கிடைத்ததிலேயே பெரிய எண்ணைத்தான் அறிவிப்பார்கள். அதாவது நீங்கள் பார்ப்பது மிக மோசமான ஒரு நிலையின் அளவு. அன்றாடம் பேசும்போது போன் அந்த உச்சத்துக்குப் போவது அரிது. 1.2 என்று பதிவான போன் ஒன்று, ஆன்டெனா நன்றாக அமைந்திருப்பதால் குறைந்த சக்தியிலேயே டவரைப் பிடித்துவிடக்கூடும். 0.7 போன் அதே இடத்தில் திணறி அதிகச் சக்தியை எடுக்கக்கூடும். எனவே இந்த எண்ணைத் தேர்ச்சியா தோல்வியா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மார்க் பட்டியல் போட வேண்டாம்.

கையேட்டில் இன்னொரு வரியை அவசியம் தேடிப் படியுங்கள். உடலுக்கான அளவை எடுக்கும்போது போனைத் தோலோடு ஒட்டி வைப்பதில்லை. மாடலைப் பொறுத்து 5 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அளக்கிறார்கள். நாமோ சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் ஒட்டித்தான் வைக்கிறோம். இந்தச் சின்ன இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2023-இல் பிரான்ஸ் காட்டியது. அந்நாட்டின் அலைவரிசை முகமையான ஏ.என்.எஃப்.ஆர்., கடைகளிலிருந்து 141 போன்களை எடுத்துச் சோதித்தது. ஐபோன் 12-ஐக் கையில் பிடித்திருப்பது போல, பாக்கெட்டில் வைத்திருப்பது போல ஒட்டி வைத்து அளந்தபோது கிலோவுக்கு 5.74 வாட் வந்தது. கை கால்களுக்கான ஐரோப்பிய வரம்பு 4. அதே போன் 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்த சோதனையில் தேறியிருந்தது. பிரான்ஸ் விற்பனையை நிறுத்தச் சொன்னது, ஆப்பிள் அந்நாட்டுக்கு ஒரு மென்பொருள் அப்டேட் கொடுத்தது. 2020-இல் வந்த போன் அது. அவ்வளவு காலமும் கோடிக்கணக்கானோர் பையில் இருந்திருக்கிறது. இதனால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகப் பிரான்ஸ் சொல்லவில்லை. வரம்பிலேயே பெரிய பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது. ஆனாலும் கம்பெனி கொடுக்கும் எண்ணை நம்பி உட்கார்ந்துவிடாமல், கடையில் விற்கும் போனையே வாங்கிச் சோதிக்கும் முகமை ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடையாது. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்துக்கு டெல்லியில் எஸ்.ஏ.ஆர். ஆய்வகம் இருக்கிறது. அதன் சோதனை முடிவுகள் பிரான்ஸில் போலப் பொதுமக்கள் எளிதில் படிக்கும்படி வெளிவர வேண்டும் என்பது என் ஆசை.

படி 4: பேசுவதற்கு முன் சிக்னலைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசுவோம், தெருக்கோடியில் நிற்பவரிடம் கத்துவோம். போனும் அப்படித்தான். டவர் தெளிவாகக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும், கேட்காவிட்டால் உச்சத்துக்கு ஏற்றும். 3ஜி-யில் இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு 1500 முறை நடக்கிறது. ஸ்வீடனில் ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கில் அளந்து பார்த்தபோது, 3ஜி குரல் அழைப்புகளில் சராசரி வெளியீடு உச்சத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. அதாவது சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் நின்று பேசினால் எந்த மாடலாக இருந்தாலும் மிகக் குறைவு. சிக்னல் அறுந்து அறுந்து வரும் இடத்தில் பேசினால் அதே போன் பல மடங்கு வெளியிடும். இரண்டு மாடல்களின் எஸ்.ஏ.ஆர். எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

பழைய பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2ஜி தொழில்நுட்பத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் போன் துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை அனுப்பும். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அனுப்புவதால் சராசரி உச்சம் கால் வாட். இந்த உச்சம் 4ஜி-யை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் 3ஜி, 4ஜி அளவுக்கு நுணுக்கமாகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளத் தெரியாததால் நடைமுறையில் 2ஜி-யின் வெளியீடு அதிகம். வீட்டில் தாத்தா பாட்டி பட்டன் போனில் மணிக்கணக்கில் பேசுபவர்கள் என்றால் 4ஜி வாய்ஸ் அழைப்பு வசதி உள்ள பட்டன் போனாக மாற்றிக் கொடுங்கள். குரலும் தெளிவாகக் கேட்கும்.

ஆண்ட்ராய்டு போனில் சிக்னலை எண்ணாகவே பார்க்கலாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதி, அதற்குள் சிம் நிலை, அதில் சிக்னல் வலிமை. மைனஸ் எண்ணாக வரும். 4ஜி-யில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 110-ஐத் தாண்டினால் மோசம். பத்து பத்தாக இறங்கும்போது சிக்னல் பத்து பத்து மடங்கு குறைகிறது என்று பொருள். வீட்டுக்குள் நடந்தபடி ஒருமுறை பார்த்து வையுங்கள். எந்த ஜன்னலோரம் நல்ல இடம், எந்த மூலை மோசம் என்பது தெரிந்துவிடும். தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் சிக்னலை நன்றாகவே தடுக்கும்.

லிஃப்ட், கீழ்த்தள வண்டி நிறுத்தம், ஓடும் ரயில், மலைப்பாதை வளைவு — இங்கெல்லாம் போனைக் காதில் ஒட்டி நீண்ட நேரம் பேச வேண்டாம். ஓடும் வண்டியில் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதும் போன் சக்தியை ஏற்றும். கலிஃபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 2017 டிசம்பரில் மக்களுக்குக் கொடுத்த ஆலோசனையிலும் பலவீனமான சிக்னல், வேகமாக ஓடும் வாகனம், பெரிய ஃபைல்களை அனுப்பும் நேரம் ஆகியவற்றைத்தான் குறிப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டில் வைஃபை இருந்து டவர் சிக்னல் மோசமாக இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். ரௌட்டர் பக்கத்திலேயே இருப்பதால் போன் சிரமப்படாது.

படி 5: தள்ளி வையுங்கள்

தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நாலில் ஒன்றாகும். தோலை ஒட்டிய மிக அருகில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஒரு விரல் இடைவெளியே கணிசமாகக் குறைத்துவிடும் என்பதை ஐபோன் சோதனையிலேயே பார்த்தோம்.

ஸ்பீக்கரில் பேசுங்கள், இல்லையென்றால் வயர் ஹெட்செட். புளூடூத் இயர்போனும் ஒரு ரேடியோதானே என்று சிலர் தயங்குகிறார்கள். அதன் வெளியீடு பொதுவாகச் சில மில்லிவாட், போனின் உச்சம் 200 மில்லிவாட்டுக்கு மேல். போனை மேசையில் வைத்துவிட்டு புளூடூத்தில் பேசினால் லாபம்தான். ஆனால் காதில் புளூடூத்தை மாட்டிக்கொண்டு போனை நெஞ்சுப் பையில் வைத்தால், தலைக்குக் குறைந்தது நெஞ்சுக்கு வந்து சேரும்.

கால் இணையும் சில நொடிகளில் போன் சக்தியைக் கூட்டித்தான் தொடங்கும். எதிர்முனையில் எடுத்த பிறகு காதில் வைத்தால் போதும்.

இரவில் தலையணைக்கு அடியில் வேண்டாம். சும்மா கிடக்கும் போன் எப்போதாவது ஒரு கணம் டவருக்கு 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். அலையைப் பொறுத்தவரை அது சொற்பம். ஆனால் பின்னணியில் வீடியோ ஏறிக்கொண்டிருந்தால் கதை வேறு. சார்ஜ் ஏறும் போன் துணிக்கு அடியில் சூடாவது இதையெல்லாம்விட உடனடி ஆபத்து. அலாரத்துக்காகப் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அலாரம் அடிக்கும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. போன் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும், கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்கவே கூடாது. பேசும்போது மறுபக்கக் காது. பின்புறம் காந்தம் உள்ள போன்களில் அந்தக் காந்தமும் கருவியின் செயல்பாட்டை மாற்றக்கூடும்.

படி 6: ஆய்வுச் செய்திகளைப் படிக்கப் பழகுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பாதிக்கு மூலம் ஒரே நிகழ்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும், பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2011 மே 31 அன்று ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம், சான்று போதவில்லை என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். முழு இலையிலிருந்து எடுக்கும் கற்றாழைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. புகையிலை 1-ஆம் பிரிவு. இந்த வகைப்பாடு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. செய்தியைப் பகிர்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது? உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, 1994 முதல் 2022 வரை வந்த 63 மனித ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வு 2024-இல் வெளியானது. பத்தாண்டுகளுக்கு மேல் போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு மோபி-கிட்ஸ் ஆய்வு முக்கியமானது. இந்தியா உட்பட 14 நாடுகளில், 10 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்தது. அதிலும் போன் பயன்பாட்டுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தென்படவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒன்பது மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் உடல் முழுவதும் அலை பட்ட ஆண் எலிகளுக்கு இதயத்தில் ஒருவகை நரம்புறைக் கட்டி கூடுதலாக வந்தது. பெண் எலிகளிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்பது அதே ஆய்வின் புரியாத இன்னொரு முடிவு. அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவு உடல் முழுவதற்கும் கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட். பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பு 0.08 என்று மேலே பார்த்தோம்.

இதையெல்லாம் படித்த பிறகு என் நிலை இது: பயந்து ஒடுங்கக் காரணம் இல்லை. ஆனால் செலவே இல்லாமல், இரண்டு நிமிடத்தில் பழகக்கூடிய ஒன்று தலைக்குப் படுவதைப் பல மடங்கு குறைக்கிறது என்றால் அதைச் செய்யாமல் இருக்கவும் காரணம் இல்லை. பிள்ளைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அவர்களின் மண்டையோடு மெல்லியது, மூளையின் சில பகுதிகளில் அலை சற்று அதிகமாகவே இறங்கும், அவர்கள் போனோடு வாழப்போகும் காலமும் நம்முடையதைவிட நீளம். வீடியோ பார்க்கக் கொடுக்கும்போது முன்பே இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் கொடுங்கள். தூக்கமும் கண்ணும் கெடுவது பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அந்தச் சான்று இதைவிட வலுவானது.

படி 7: பக்கத்தில் டவர் இருந்தால்

முதலில் ஒரு கணக்கு. ஆன்டெனாவுக்கு 20 வாட் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனா அதை ஒரு திசையில் குவிப்பதால், அந்தத் திசையில் நிற்பவருக்கு 1000 வாட் போல இருக்கும். நூறு மீட்டர் தள்ளி, நேர் எதிரே, தடுப்பே இல்லாமல் நின்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 0.008 வாட் படும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு இந்திய வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட். இதுவே சர்வதேச வரம்பான 4.5-இல் பத்தில் ஒரு பங்கு. 2012 செப்டம்பரில் இந்தியா அப்படிக் குறைத்தது. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 0.9, 2000-க்கு மேல் 1 வாட். ஒரே கம்பத்தில் பத்து ஆன்டெனாக்கள் உங்களையே பார்த்தாலும் கணக்கு வரம்புக்குள்தான் அடங்கும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறத்தாழ 1000 வாட்.

டவருக்கு நேர் கீழே இருக்கும் வீடுதான் ஆபத்து என்று நினைப்பது இயல்பு. ஆனால் அலைக்கற்றை கிடைமட்டமாக, சில டிகிரி மட்டும் கீழே சாய்ந்து போகிறது. 30 மீட்டர் உயரத்தில் 6 டிகிரி சாய்வு என்றால் கற்றையின் மையம் தரையைத் தொடும் இடம் சுமார் 285 மீட்டர் தள்ளி. அடியில் இருப்பவருக்குச் சிதறல்தான் வரும்.

கவனிக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு: ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், மிக அருகில் இன்னொரு கட்டடத்தின் மாடி இருப்பது. இதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல் குறைந்தபட்ச இடைவெளி சொல்கிறது. இரண்டு ஆன்டெனா என்றால் 35 மீட்டர், எண்ணிக்கை கூடக் கூட இடைவெளியும் கூடி, பன்னிரண்டு ஆன்டெனாவுக்கு 75 மீட்டர். மாடியில் நின்று பாருங்கள். நீளவாக்கில் செங்குத்தாக நிற்கும் பட்டையான பெட்டிகள்தான் நம் போன்களோடு பேசுபவை. அவற்றின் முகம் உங்கள் ஜன்னலை நேராகப் பார்க்கிறதா? உருண்டையான முரசு போன்றவை ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மெல்லிய கற்றையாக அனுப்புபவை. எண்ணிக்கையில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அளக்கச் சொல்லுங்கள். 2017 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடினால் அருகிலுள்ள டவர்கள், அவற்றில் எந்தெந்தத் தொழில்நுட்பம் ஓடுகிறது, வரம்புக்கு உட்பட்டதாகச் சான்று உள்ளதா என்ற விவரங்கள் வரும். உங்கள் இடத்தில் நேரடியாக அளக்க அதிலேயே விண்ணப்பிக்கலாம். தொடங்கியபோது கட்டணம் 4000 ரூபாய் என்று வைத்தார்கள். தனியாகக் கட்டுவதைவிட, அடுக்குமாடி சங்கமோ தெருக்காரர்களோ சேர்ந்து கட்டிவிடலாம். துறையின் களப் பிரிவினர் கருவியோடு வந்து அளந்து அறிக்கை தருவார்கள். ஆன்லைனில் மலிவாக விற்கும் மீட்டர்களை வாங்கி அளக்காதீர்கள். அவற்றில் பல, வீட்டு மின்சார வயரின் 50 ஹெர்ட்ஸ் புலத்தைப் பார்த்தே கத்துபவை.

அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று வந்தும் தொந்தரவு தீராமல் இருக்கலாம். ஜெனரேட்டர் சத்தம், டீசல் புகை, பழைய கட்டடத்தின் மேல் கனமான கம்பம் — இவை எல்லாமே உண்மையான குறைகள். இவற்றைக் கதிர்வீச்சுப் புகாரோடு கலக்காமல் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ தனி மனுவாகக் கொடுங்கள். கலந்து கொடுத்தால் கதிர்வீச்சு அறிக்கையைக் காட்டி எல்லாவற்றையும் ஒன்றாக முடித்துவைத்துவிட வழியாகிவிடும்.

டவரே வேண்டாம் என்று போராடுகிறவர்களிடம் ஒன்றைப் பணிவோடு சொல்வேன். டவர் தள்ளிப் போனால் தெருவில் உள்ள எல்லாப் போன்களும் அதிகச் சக்தியில் ஓடும், அதுவும் காதை ஒட்டி. 2022 அக்டோபரில் வந்த 5ஜி-க்கும் கணக்கு மாறவில்லை. இங்கே பரவலாக ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்கும் அதே 1 வாட் வரம்புதான். 26 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் வரிசைகள் தோலின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போவதே இல்லை.

படி 8: காசைக் கொட்டாதீர்கள்

போனின் பின்னால் ஒட்டும் 'ஆன்டி ரேடியேஷன்' ஸ்டிக்கர், சிப், தகடு எதையும் வாங்க வேண்டாம். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போனுக்கு டவர் கேட்காது. உடனே சக்தியைக் கூட்டும், நீங்கள் விரும்பியதற்கு நேர் எதிராக நடக்கும். தடுக்காவிட்டால் வெறும் ஸ்டிக்கர். அமெரிக்காவின் வணிக ஆணையமும் இதே எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது. கழுத்தில் மாட்டும் பதக்கங்கள் இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 5ஜி-யிலிருந்து காப்பதாகச் சொல்லி விற்ற பத்துப் பொருட்களைச் சோதித்தது. பதக்கம், வளையல், குழந்தைகளுக்கான வளையல், கண்மூடி எல்லாம் அதில் அடக்கம். அத்தனையும் அணுக்கதிர் வீசிக்கொண்டிருந்தன. படி 1-இல் சொன்ன, எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் நிஜமான வகை. தெரிந்தவர் யாராவது இப்படி ஒன்றைக் குழந்தைக்கு மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், டவர் பெயரிலேயே ஒரு மோசடி ஊர் ஊராக நடக்கிறது. "உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், மாத வாடகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு லட்சம்" என்று மெசேஜ் வரும். அடுத்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அனுமதிக் கடிதம் என்று முத்திரை குத்திய ஒரு தாள் வரும். அதற்குப் பிறகு பதிவுக் கட்டணம், வரி, 'கதிர்வீச்சு இல்லாச் சான்றுக் கட்டணம்' என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். டவர் வைக்க டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ நில உரிமையாளருக்கு அனுமதிக் கடிதம் தருவதும் இல்லை, கட்டணம் வாங்குவதும் இல்லை. நிஜமாகவே டவர் வைக்கும் கம்பெனி உங்களுக்குப் பணம் தருமே தவிர உங்களிடம் கேட்காது. அப்படி மெசேஜ் வந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.